வாசலிலிருந்து 300 மீட்டர்: நம் தெருவை வயதானவர்களுக்கு ஏற்றதாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டிலிருந்து பிள்ளையார் கோயில் 280 மீட்டர். அம்மா 76 வயதுவரை தினமும் சாயங்காலம் தனியாகப் போய் வந்துகொண்டிருந்தார். திடீரென்று அது நின்றுபோனது. கேட்டால் "முட்டி வலிக்குது" என்பார். நாங்களும் மூட்டு மருத்துவரிடம் கூட்டிப் போனோம், எக்ஸ்ரே எடுத்தோம், தைலம் வாங்கினோம். ஆறு மாதம் கழித்து ஒருநாள் நானே கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனபோதுதான் விஷயம் தெரிந்தது. தெருமுனையில் சாக்கடை மேல் போட்டிருந்த சிமெண்ட் பலகை உடைந்து, ஒரு முழ அகலத்துக்குப் பள்ளமாகி, உள்ளே இருந்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் தினமும் வண்டியில் தாண்டுகிற இடம். ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. அம்மா அதன் முன்னால் நின்று, ஊன்றுகோலை அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "இதுக்குத்தான்பா வரல" என்றார்.

அந்தப் பலகையை மாற்ற ஒரு கொத்தனாருக்கு அரை நாள் ஆனது. அதற்குள் ஆறு மாதக் கோயில், ஆறு மாதப் பேச்சுத்துணை, கால்களில் இருந்த கொஞ்ச வலு எல்லாம் போயிருந்தன.

எங்கள் பேரூராட்சியில் இரண்டு தெருக்களில் நாங்கள் செய்து பார்த்தவற்றையும், செய்து தவறியவற்றையும் வைத்து இதை எழுதுகிறேன். வயதானவர்களுக்கு ஏற்ற ஊர் என்றதும் முதியோர் இல்லம், பெரிய மருத்துவமனை, பூங்கா என்று மனம் ஓடும். அவையும் வேண்டும்தான். ஆனால் எழுபத்தைந்து வயதுக்காரரின் ஊர் என்பது அவர் வீட்டு வாசலிலிருந்து சுமார் 300 மீட்டர். அதற்குள் அவர் யார் துணையும் இல்லாமல் போய்வர முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

உலக சுகாதார நிறுவனம் 2007-இல் இதற்காகவே ஒரு கையேடு வெளியிட்டது. 22 நாடுகளில் 33 நகரங்களில் முதியவர்களிடமே கேட்டுத் தயாரித்தது. இந்தியாவிலிருந்து புதுதில்லியும் உதய்ப்பூரும் அதில் இருந்தன. வெளியிடங்களும் கட்டடங்களும், போக்குவரத்து, வீடு, சமூகத்தில் கலந்துகொள்வது, மரியாதை, வேலையும் குடிமைப் பங்கும், தகவல், மருத்துவமும் உதவியும் என்று எட்டுத் தலைப்புகளைச் சொன்னது. நல்ல பட்டியல். ஆனால் நகராட்சி ஆணையர் மேசைக்குப் பொருந்தும் பட்டியல் அது. தெருவில் இருக்கிற நாம் அதைக் காலடியிலிருந்து தொடங்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். இன்றைக்கு உங்கள் தெருவில் எண்ணிப் பாருங்கள், அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

முதல் படி: ஒருவரோடு நடந்து பாருங்கள்

கூட்டம் போடாதீர்கள். வாட்ஸ்அப் குழு தொடங்காதீர்கள். முதலில் ஒரு பெரியவரோடு நடங்கள்.

அவர் வழக்கமாகப் போகிற, அல்லது முன்பு போய்க்கொண்டிருந்த ஓர் இடத்தைச் சொல்லச் சொல்லுங்கள்: ரேஷன் கடை, மருந்துக் கடை, பள்ளிவாசல், மாதா கோயில், டீக்கடை, பஸ் நிறுத்தம் எதுவாகவும் இருக்கலாம். அவர் முன்னால் நடக்கட்டும். நீங்கள் அரை அடி பின்னால். கையைப் பிடிக்காதீர்கள், விழுவது போலிருந்தால் மட்டும் பிடியுங்கள். எங்கே நின்றார், எங்கே குனிந்து தரையைப் பார்த்தார், எந்தச் சுவரை அல்லது எந்த பைக்கைப் பிடித்துக்கொண்டார், எங்கே "போதும், திரும்பிடலாம்" என்றார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு அளவு டேப், ஒரு சாக்பீஸ், போட்டோ எடுக்க ஒரு போன் போதும்.

இப்படிக் குறைந்தது ஐந்து பேரோடு நடக்க வேண்டும். ஊன்றுகோல் வைத்திருப்பவர் ஒருவர், கண்புரை உள்ளவர் ஒருவர், தனியாக வசிப்பவர் ஒருவர், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பவர் ஒருவர், அப்புறம் ஊரின் ஓரத்துத் தெருவிலிருந்து ஒருவர். அந்தக் கடைசி ஆளை விட்டுவிடாதீர்கள். நம் ஊர்களில் சிமெண்ட் சாலை எந்தத் தெருவோடு நிற்கிறது, விளக்கு எந்தத் தெருவோடு நிற்கிறது என்பது நமக்குத் தெரியும். காலனிப் பாட்டிக்கு ரேஷன் கடை 300 மீட்டரில் இருக்காது. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அவரோடு நடக்காமல் போடுகிற திட்டம், வசதியான தெருவுக்கு இன்னொரு வசதியாகத்தான் முடியும்.

ஒரே பாதையைக் காலை 7 மணிக்கு ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை நடங்கள். பகலில் ஒன்றுமில்லாத இடம் இரவில் வேறு இடமாகிவிடும். கண்புரை உள்ள பெரியப்பா ஒருவர், எதிரே வந்த வண்டியின் வெளிச்சம் கண்ணில் பட்டதும் அப்படியே சாலை நடுவில் நின்றுவிட்டார். தெருவிளக்குக் கம்பம் பத்தடியில்தான் இருந்தது. வேப்பங்கிளை அதை முழுக்க மறைத்திருந்தது.

இரண்டாம் படி: குறித்ததை மூன்றாகப் பிரியுங்கள்

நம் கையாலேயே முடிகிறவை, அந்தந்த வீட்டார் செய்ய வேண்டியவை, பேரூராட்சியோ ஊராட்சியோ செய்ய வேண்டியவை. எங்கள் முதல் பட்டியலில் 41 இருந்தன. அவற்றில் 17 எங்களாலேயே முடிந்தவை. கிளையைக் கழிப்பது, நடைபாதையில் நிற்கிற பைக்கைத் தள்ளி நிறுத்தச் சொல்வது, வாசல் சாய்தளத்தில் பாசியைச் சுரண்டுவது, கடைக்காரரிடம் ஒரு ஸ்டூல் போடச் சொல்வது. இவற்றை முதல் மாதமே முடித்துவிடுங்கள். நடந்து காட்டிய பெரியவர்கள் "சொன்னது நடக்குது" என்று பார்த்தால்தான் அடுத்த தடவை மனம்விட்டுச் சொல்வார்கள்.

மூன்றாம் படி: தரையும் உட்கார இடமும்

இந்தப் படிக்குத்தான் நாங்கள் அதிக நேரம் செலவிட்டோம். நீங்களும் செலவிடுங்கள்.

முதலில் தரை. சாக்கடைப் பலகை உடைந்திருக்கிறதா, ஆடுகிறதா என்று ஒவ்வொன்றாக மிதித்துப் பாருங்கள். ஆடுகிற பலகை உடைந்ததைவிட மோசம். உடைந்தது கண்ணுக்குத் தெரியும். இரும்புச் சட்டம் போட்ட மூடி இருந்தால் கம்பிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பாருங்கள். நடக்கும் திசையிலேயே ஓடினால் ஊன்றுகோலின் நுனி உள்ளே இறங்கிவிடும். குறுக்காகத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். ஊன்றுகோலையும் அப்போதே பாருங்கள். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும். நாங்கள் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் உயரம் தப்பு. அடியில் உள்ள ரப்பர் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருக்கும். மருந்துக் கடைகளில் அந்த ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும், விலையும் பெரிதில்லை. ஒரு டஜன் வாங்கி வீடு வீடாகப் போய் மாற்றினோம். இந்த மொத்த வேலையிலும் செலவுக்கு அதிகப் பலன் தந்தது அதுதான்.

அடுத்து வாசல் படி. சாலையை மேலே மேலே போட்டு உயர்த்த, வீட்டைக் கட்டுகிறவர்கள் அதைவிட உயர்த்த, இன்றைக்கு ஒவ்வொரு வாசலும் ஒரு மேடை. சாய்தளம் வைக்க வேண்டுமென்றால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதற்குத் தெருவில் இடம் ஏது? பலர் மூன்றடியில் ஒரு சரிவு போட்டுவிட்டுச் சாய்தளம் என்கிறார்கள். அது வண்டி ஏற்றத்தான் ஆகும், மனிதர் இறங்கினால் உருண்டுவிடுவார். அதைவிட, உயரமான படிகளுக்கு நடுவே பாதி உயரத்தில் ஒரு படி சேர்த்து, ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி பொருத்துவது நல்லது. படியின் விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் ஒரு கோடு. கண் மங்கியவருக்கு அந்தக் கோடுதான் படி.

இப்போது உட்கார இடம். நம் ஊர்களில் ஒரு காலத்தில் இதைப் பற்றி யாரும் பேச வேண்டியதே இருக்கவில்லை. வீட்டுக்கு வீடு திண்ணை இருந்தது. வழிப்போக்கர் உட்காரலாம், கிழவர் உட்காரலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஊருக்கு வெளியே சுமைதாங்கிக் கல் இருந்தது. தலைச்சுமையை அடுத்தவர் உதவியில்லாமல் இறக்கி வைக்கும் உயரத்துக்கு இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்துவார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டுவைப்பது வழக்கம். இறந்தவள் இறக்காத சுமையை வருகிறவர்கள் இறக்கட்டும் என்ற நினைப்பு. திண்ணை இடிந்து கார் நிறுத்துமிடம் ஆனது. 200 மீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் நடக்க முடியாதவருக்கு, நடுவில் உட்கார இடம் இல்லாத 300 மீட்டர் பாதை மூடிய பாதைதான்.

நாங்கள் பெஞ்சு போட்ட விதம் இது. இரண்டு செங்கல் தூண், மேலே நாலு அடி நீளக் கடப்பாக்கல். உட்காரும் உயரம் தரையிலிருந்து ஒன்றரை அடி. அதற்குக் குறைந்தால் உட்காருவார்கள், எழுந்திருக்க முடியாது. இரண்டு ஓரத்திலும் கை ஊன்றி எழ இரும்புக் குழாய்ப் பிடி கட்டாயம். இதை முதல் பெஞ்சில் நாங்கள் விட்டுவிட்டோம். அழகாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். பெரியவர்கள் யாரும் உட்காரவில்லை. ஒரு பாட்டி வந்து இரண்டு கையாலும் காற்றைப் பிடித்துக் காட்டியதும்தான் புரிந்தது. முதுகுக்குச் சுற்றுச்சுவர் இருக்கிற இடமாகப் பார்த்தால் தனிச் செலவில்லை. கடப்பாக்கல் வெயிலில் கொதிக்கும், அதனால் வேம்பு, புங்கன் நிழல் விழும் இடத்தில் போடுங்கள். சாக்கடை மேலோ பேரூராட்சி இடத்திலோ போடுவதானால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த சாலை வேலையில் இயந்திரம் முதலில் அதைத்தான் இடிக்கும்.

எதிர்ப்பு வரும். "குடிச்சிட்டு வந்து படுப்பானுங்க", "எங்க வீட்டு முன்னாடி கூட்டம் கூடும்." இரண்டாவதற்கு அந்த வீட்டாரின் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். முதலாவதற்குப் பெஞ்சின் நடுவிலும் ஒரு கைப்பிடி வைத்தால் யாரும் படுக்க முடியாது; உட்காருபவருக்கும் அது எழ உதவும். எங்களுக்கு ஒரு பெஞ்சு 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. மூன்றாவது பெஞ்சின் செலவை ஒரு குடும்பம் தங்கள் தாயாரின் கருமாதி அன்று கொடுத்தது. சுமைதாங்கி வழக்கம் எங்கோ உள்ளே உயிரோடுதான் இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள்.

எந்த இடத்தில் போடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். நடந்தபோது அவர்கள் எங்கே நின்றார்களோ அங்கே. இன்னொன்று: எல்லாச் சாதியாரும் தயங்காமல் உட்காரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். மருந்துக் கடை, நூலகம், பால் பூத், பஸ் நிறுத்தம் பக்கம் போட்டால் அந்தச் சிக்கல் குறையும்.

நான்காம் படி: சாலையைக் கடப்பதும் பஸ் ஏறுவதும்

சிக்னல் அமைக்கும்போது ஒருவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்ற கணக்கைத்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள். 12 மீட்டர் சாலைக்குப் பத்து நொடி. முட்டி வலியோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்குப் பதினைந்து நொடி வேண்டும். அந்த ஐந்து நொடி அவர் சாலை நடுவில் தனியாக நிற்கிறார். சிங்கப்பூரில் 2009 முதல் மூத்தோர் தங்கள் அட்டையைச் சிக்னல் கம்பத்தில் தட்டினால் பச்சை விளக்கு கூடுதல் நொடிகள் எரிகிறது. நம் சிறு ஊர்களில் சிக்னலே இல்லை. அங்கே கேட்க வேண்டியது, பெரியவர்கள் உண்மையில் கடக்கும் இடத்தில் ஒரு வேகத்தடையும் வெள்ளைக் கோடும். கடக்கும் இடம் எது என்பதற்கு உங்கள் நடைக் குறிப்பும் போட்டோவும்தான் ஆதாரம்.

பஸ்ஸில் முதல் படியின் உயரம்தான் பெரிய எதிரி. நிறுத்தத்தில் ஒரு அடி உயர மேடை இருந்து, ஓட்டுநர் அதை ஒட்டி நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். ஓட்டுநர், நடத்துநரிடம் நேரில் பேசுங்கள். டவுன் பஸ் வழக்கமான ஆட்களோடு ஓடுவது. "பத்து மணி வண்டிக்கு நாலு பெரியவங்க வருவாங்க" என்று சொல்லிவைத்தால் நின்று ஏற்றிக்கொள்கிறார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்தபிறகு எங்கள் தெருப் பாட்டிகள் சந்தைக்குத் தாங்களே போகத் தொடங்கினார்கள். மகனிடம் காசு கேட்க வேண்டியதில்லை என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

ஐந்தாம் படி: கழிப்பறை

இதை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். கூச்சம். ஆனால் வெளியே வராமல் இருப்பதற்கு இதுதான் மறைவான காரணம். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்கும். ஆண்களுக்குப் புரோஸ்டேட் வீக்கம். பெண்கள் வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் வெயிலில் தலைசுற்றல், விழுதல்.

பொதுக் கழிப்பறை கட்ட வருடங்கள் ஆகலாம். அதற்குள் கடைத்தெருவில் கழிப்பறை உள்ள இரண்டு மூன்று இடங்களைப் பேசி வையுங்கள். கல்யாண மண்டபம், ஹோட்டல், கிளினிக், நூலகம். "பெரியவர்கள் பயன்படுத்தலாம்" என்று ஒரு சின்ன அட்டை வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். மாதம் ஒரு பினாயில் பாட்டிலைத் தெருக்காரர்கள் வாங்கிக் கொடுத்துவிட்டால் கடைக்காரரும் முகம் சுளிக்க மாட்டார். உள்ளே மேற்கத்திய இருக்கையும், தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடியும் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

ஆறாம் படி: வீட்டுக்குள்

வீட்டுக்குள் விழுகிற இடம் பெரும்பாலும் பாத்ரூம்தான். கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் எவர்சில்வர் கைப்பிடி. துண்டு மாட்டும் கம்பியைக் கைப்பிடியாக நம்பாதீர்கள், அது பெயர்ந்து வரும். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ், முடியாவிட்டால் ரப்பர் விரிப்பு. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவில் எரியும் சின்ன விளக்கு. கதவு வெளியே திறக்க வேண்டும். உள்ளே திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால் யாரும் நுழைய முடியாது. உள்தாழ்ப்பாளை உயரத்தில் வைக்காதீர்கள். தெருவுக்கு ஒரு கொத்தனாரை ஒரே நாளில் நான்கு வீட்டுக்குப் பேசினால் கூலி குறையும்.

ஏழாம் படி: தனியாக இருப்பவர்களும் வாசல் கோலமும்

பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருக்க, பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகள் எங்கள் இரண்டு தெருவில் பதினொன்று. கேமரா வைத்திருக்கிறார்கள், தினம் வீடியோவில் பேசுகிறார்கள். ஆனால் விழுந்தால் தூக்க ஆள் தெருவிலிருந்துதான் வர வேண்டும்.

இதற்கு எங்கள் தெருப் பெண்கள் கண்டுபிடித்த வழி கோலம். தனியாக இருக்கும் பாட்டி வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்குள் தண்ணீர் தெளித்திருக்க வேண்டும். இல்லையென்றால் எதிர்வீட்டார் கதவைத் தட்டுவார். கோலம் போடாத வீடுகளில் பால் பாக்கெட் அல்லது பேப்பர்: எட்டு மணிக்கும் வாசலில் கிடந்தால் தட்டுவது. இதைச் செய்ய ஆப் வேண்டாம், பணம் வேண்டாம். ஆனால் முன்னாலேயே சம்மதம் கேட்க வேண்டும். சிலருக்கு இது கண்காணிப்பு போலத் தோன்றும், அது நியாயமும்கூட. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு தட்டுபவர்கள், மாற்றுச் சாவி ஒருவரிடம், பிள்ளைகளின் எண், மருத்துவர் பெயர், சாப்பிடும் மாத்திரைகள் ஒரு தாளில். அந்தத் தாள் பிரிட்ஜ் கதவிலோ சாமி படத்துக்குப் பக்கத்திலோ இருக்கட்டும்.

அதே தாளில் பெரிய எழுத்தில் எண்கள்: ஆம்புலன்ஸுக்கு 108, முதியோர் உதவி எண் 14567, இணைய மோசடிக்கு 1930. இந்தக் கடைசி எண்ணை விடாதீர்கள். போலீஸ் பேசுகிறோம், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம் என்று பயமுறுத்திப் பணம் பிடுங்குகிறவர்கள் தேடுவது தனியாக இருக்கும் பெரியவர்களைத்தான். போனில் கைது என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது என்பதை நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள். மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள், காவல் நிலையம் தன் எல்லைக்குள் உள்ள முதியவர்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்கின்றன. உங்கள் தெருப் பெயர்களை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

எட்டாம் படி: அரசிடமிருந்து வர வேண்டியதை வரவழைப்பது

கிராம ஊராட்சியானால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரமானால் வார்டு கவுன்சிலரும் பகுதி சபைக் கூட்டமும். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாள் இருக்கிறது. "எங்கள் தெருவை முதியோருக்கு ஏற்றதாக்குக" என்று மனு கொடுத்தால் அது கோப்பில் தூங்கும். ஒரு மனுவில் ஒரே வேலை, மின்கம்பத்து எண், டேப் வைத்து எடுத்த போட்டோ, முதல் கையெழுத்து அங்கே விழுந்த அல்லது நின்றுபோன பெரியவருடையது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

வீட்டுக்கு வரும் உதவிகளையும் ஒரு தடவை வீடு வீடாகச் சரிபாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது; சுகர், பி.பி. மாத்திரை வீட்டுக்கே வரும், படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்பு நர்ஸும் வருவார்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாய் ஆனது. மனு இ-சேவை மையம் வழியாக. ரேஷன் பொருள் வீட்டுக்கே வரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட்டில் 70 வயது தாண்டியவர்களுக்கென்று தொடங்கியது; உங்கள் கடையில் இப்போது எந்த நாள், எந்த வயது என்று கேளுங்கள். கடைக்கு வர முடியாதவர் வேறொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவமும் உண்டு. கைரேகை தேய்ந்து இயந்திரம் ஏற்காமல் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு தாத்தா, நாற்பது வருடம் மண்வெட்டி பிடித்த விரல்களை என்னிடம் விரித்துக் காட்டினார். ரேகை எங்கே இருக்கும்?

வங்கி விஷயமும் இங்கேதான் வருகிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை வாழ்நாள் சான்றுக்காக ஒரு வங்கிக் கிளையில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சொல்லியிருப்பது எங்களுக்குத் தெரியவில்லை, எனவே கேட்கவும் இல்லை. இப்போது வாழ்நாள் சான்றைத் தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுக்கிறார். அக்டோபர் கடைசியில் தெருவில் உள்ள ஓய்வூதியக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே நாளாகச் சொல்லிவைத்தால் அவருக்கும் சுலபம்.

சொத்து எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பத்திரத்தில் "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையை எழுதச் சொல்லுங்கள். அது இருந்து, பராமரிக்காமல் விட்டால், அதே 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மனு கொடுக்க வேண்டியது வருவாய்க் கோட்டாட்சியரிடம்.

ஒன்பதாம் படி: பொறுப்பை அவர்கள் கையில் கொடுங்கள்

முதல் வருடம் நாங்கள் இளையவர்கள் எல்லாவற்றையும் செய்தோம், பெரியவர்கள் நன்றி சொன்னார்கள். அது தப்பான ஏற்பாடு என்பது மெதுவாகத்தான் புரிந்தது. நன்றி சொல்லிக்கொண்டே இருக்க யாருக்கும் பிடிக்காது.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோர மாவட்டங்களில் ஹெல்ப்பேஜ் இந்தியா என்ற தொண்டு நிறுவனம் முதியோர்களுக்கென்றே சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. மகன்களை இழந்த, வலை இழந்த பெரியவர்கள் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, கருவாடு, ஆடு, சின்னக் கடை என்று எழுந்தார்கள். நிவாரணம் வாங்க வரிசையில் நிற்பவர் என்பது போய்க் கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர் என்று ஆனார்கள். எங்கள் தெருவிலும் ஏழு பாட்டிகள் ஒரு குழு. வாரம் இருபது ரூபாய். அங்கன்வாடியில் புதன்கிழமை கூடுகிறார்கள். கோயில் மண்டபத்தை வேண்டாம் என்றவர்களும் அவர்களே, "அங்க எல்லாரும் வர முடியாது" என்றார்கள். ஓய்வு பெற்ற மின்வாரியத் தாத்தா தெருவிளக்குப் பதிவேட்டை வைத்திருக்கிறார். எந்தக் கம்பம் எப்போது எரியவில்லை என்று தேதியோடு எழுதுகிறார். அவர் நோட்டை எடுத்துக்கொண்டு போனால் அலுவலகத்தில் மறுபேச்சு இல்லை.

ஆண்களை வரவைப்பது கஷ்டம். வேலையில்லாமல் கூட்டத்துக்கு வர மாட்டார்கள். ஒரு நோட்டு, ஒரு சாவி, ஒரு பொறுப்பு கொடுங்கள்.

பத்தாம் படி: வெயிலும் புயலும்

வயது கூடக் கூடத் தாகம் தெரிவது குறையும். அக்னி நட்சத்திர நாட்களில் பகல் 11 மணிக்கும் 3 மணிக்கும் தட்டுபவர்கள் ஒரு சொம்பு மோரோடு போக வேண்டும். தாகமா என்று கேட்காதீர்கள், கையில் கொடுங்கள். மின்விசிறி நின்ற வீட்டில் இருப்பவரைக் காற்றோட்டமுள்ள வீட்டுக்குக் கூட்டிவர ஒரு வீட்டை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது டெல்டாவில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்சுலின் போடுபவர்கள் பிரிட்ஜ் இல்லாமல் தவித்தார்கள். அந்த மருந்தை நனைந்த மணலில் வைத்த மண்பானைக்குள் பத்திரப்படுத்தலாம் என்பது அப்போது பலருக்குத் தெரியாது. இப்போது ஐப்பசி பிறந்ததும் தாளைப் புதுப்பிக்கிறோம்: யார் வீட்டில் இன்சுலின், யாருக்கு ஆக்சிஜன், யாரை நாற்காலியோடு தூக்க வேண்டும், யார் தூக்குவது. இரண்டு வாரத்து மாத்திரை கையிருப்பில் இருக்கிறதா என்றும் பார்க்கிறோம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி நடங்கள்

அதே பெரியவர்கள், அதே பாதை, அதே நோட்டு. குழாய்க்காக வெட்டிய பள்ளம் சரியாக மூடப்படாமல் கிடக்கும், பெஞ்சின் கைப்பிடி ஆடும், அட்டை ஒட்டிய ஹோட்டல் கைமாறியிருக்கும். ஒருவர் போன தடவை வந்திருப்பார், இந்தத் தடவை இருக்க மாட்டார். அவர் நடந்த பாதையை அவர் மனைவியோ தம்பியோ நடக்கட்டும்.

போன தை மாதம் அம்மாவோடு நடந்தேன். இப்போது 79. கோயில்வரை போக 14 நிமிடம் ஆனது, நடுவில் இரண்டு பெஞ்சிலும் உட்கார்ந்தார். திரும்பும்போது மருந்துக் கடை பெஞ்சில் ஏற்கெனவே ஒரு பெரியம்மா இருந்தார், பேச்சு நீண்டது. "நீ போப்பா, நான் வந்துக்கறேன்" என்றார் அம்மா. நோட்டில் ஒன்று மட்டும் புதிதாக எழுதினோம்: கோயில் வாசலில் செருப்புப் போட ஒரு கைப்பிடி வேண்டும்.